மூச்சு வாங்காத குரல்

பைல்நாடு, கொல்லிமலை
பிப்ரவரி 24

அன்புள்ள மகள் அனுராதாவுக்கு அப்பா கருப்பண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, தங்கச்சி, மாடு கன்று, நாய் உட்பட எல்லோரும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்டு எழுதுவது இதுதான் முதல் தடவை. இத்தனை வருடமும் தினம் காலை ஏழு மணிக்கு நீயே ரேடியோவில் வந்து உன் சுகத்தைச் சொல்லிவிடுவாய், நாங்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை. இப்போது கேட்கிறோம். பதினாறு நாளாக உன் குரல் மூச்சு வாங்கவில்லை.

அக்கா, இதுவரை அப்பா சொன்னது. அவர் சொல்லச் சொல்ல எழுதுவது நான், கௌசிகா. அவர் பேசுகிறபடியே எழுதினால் கடிதம் முழுக்கத் திட்டாகத்தான் இருக்கும் என்று அம்மா சொன்னதால் கொஞ்சம் திருத்தி எழுதுகிறேன். மூச்சு விஷயத்தை முதலில் கவனித்தது நான்தான், அதனால் அதை நானே எழுதிவிடுகிறேன். போன எட்டாம் தேதி காலையில் அடுப்பு மூட்டிக்கொண்டே ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ வணக்கம் சொன்னாய், மணி சொன்னாய், ஒரு நகைக்கடை விளம்பரத்தைக் கடகடவென்று படித்தாய், அடுத்து என்ன பாட்டு என்று சொன்னாய். எப்போதும் சிரிப்பதற்கு முன்னால் மூக்கால் ஒரு சின்ன மூச்சு இழுப்பாயே, சின்ன வயதில் மேட்டில் ஏறிக்கொண்டே கதை சொல்லும்போது இழுத்த அதே மூச்சு, அது இல்லை. ரேடியோதான் சரியில்லை என்று பேட்டரி மாற்றினேன். மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் நான் வேலையை விட்டுவிட்டு ரேடியோவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன். ஒன்றரை நிமிடம் பேசினாய், நடுவில் ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. சிரிப்பும் முந்தின நாள் சிரித்த அதே சிரிப்பு, அதே நீளம். அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்புறம் இந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

அப்பா ஊர்ச் சேதியை முதலில் எழுதச் சொல்கிறார். மிளகு இந்த வருடம் பரவாயில்லை, மேல் காட்டில் சில்வர் ஓக் மரத்துக் கொடிகள் எல்லாம் காய்த்திருக்கின்றன, பாதி பறித்தாகிவிட்டது. குச்சிக்கிழங்கு இன்னும் பிடுங்கவில்லை, லாரிக்காரர் வருகிறேன் வருகிறேன் என்று இழுத்தடிக்கிறார், அவர் மேலும் அப்பாவுக்குச் சந்தேகம். அம்மாவுக்குக் கால் முறிந்த இடத்தில் குளிருக்கு வலிக்கிறது, மற்றபடி நடக்கிறாள். நாய் குட்டி போடும் போல் இருக்கிறது. எதிர்ச் சரிவில் ராசப்பன் சித்தப்பா வீடு வழக்கம்போல. உனக்கே தெரியும், விடிந்ததும் அவர் அந்தப் பக்கமிருந்து கூவுவார், அப்பா இந்தப் பக்கமிருந்து பதிலுக்குக் கூவுவார், இரண்டு வீட்டிலும் எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்று அர்த்தம், அதோடு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஒருநாள் பதில் வராவிட்டால் யாராவது ஓடை இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். நீ ரேடியோவில் பேச ஆரம்பித்ததிலிருந்து அம்மா உன்னையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டாள். நீ வணக்கம் சொன்னதும் மாட்டுக் கொட்டகையிலிருந்தே, "ஓய், கேட்டுது சாமி, நாங்களும் நல்லாத்தான் இருக்கோம்" என்று சத்தம் கொடுப்பாள். அதனால்தான் நாங்கள் வாரக்கணக்கில் போன் செய்யாமல் இருந்துவிடுவோம். டவர் கிடைக்கிற வளைவு வரைக்கும் எதற்கு நடக்க வேண்டும், காலையில்தான் குரல் கேட்டாயிற்றே என்று அப்பா சொல்லுவார். இப்போது அதே அப்பா, "ராசப்பன் கூப்புட்டா நாம பதில் சொல்றோம், அவன் கேக்கறான். இந்தப் பொட்டிக்குள்ள இருக்கறது நாம சொன்னது எதையாவது கேட்டுச்சா? இத்தன வருசமா ஒரு பக்கக் கூப்பாட்டை நம்பிக்கிட்டு உக்காந்திருந்தோமே" என்கிறார்.

அப்பா எழுதச் சொல்வது: கண்ணு, உனக்கு எத்தனை தடவை போன் போட்டேன் தெரியுமா? ஒன்றையும் நீ எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் கழித்து எழுத்தில் பதில் வருகிறது, அப்பா நான் ஷூட்டிங்கில் இருக்கிறேன், பிறகு கூப்பிடுகிறேன் என்று. பதினாறு நாளாக ஒரே ஷூட்டிங்கா? எந்த ஊரில் நடக்கிறது அந்த ஷூட்டிங்? அப்படியானால் டிவியில் ஏன் நீ இல்லை? இரண்டு சனிக்கிழமையாக உன் பாட்டு நிகழ்ச்சியில் உன் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நீ எங்கே போனாய் என்று அவளும் சொல்லவில்லை, பக்கத்தில் இருக்கிற அந்தத் தரணிதரனும் சொல்லவில்லை. அந்தப் பையன் முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன், எதையோ மறைக்கிற முகம்.

அக்கா, தரணிதரன் உன்னோடு சேர்ந்து நிகழ்ச்சி நடத்துகிறவர், அவ்வளவுதான் என்று நானும் அம்மாவும் எத்தனையோ தடவை சொல்லிவிட்டோம். அப்பா நம்புவதாக இல்லை. "சேந்து நிகழ்ச்சி நடத்தறவனுக்கு என்னத்துக்குத் தோள்ல தட்டற சோலி? பாட்டுப் போடறதுக்குத் தோளு எதுக்கு?" என்று கேட்கிறார். உன் வேலையில் அப்பா சந்தேகப்படாத இடம் எது? நீ நாமக்கல்லில் காலேஜ் படித்துக்கொண்டே அந்தச் சின்ன உள்ளூர் சேனலில் நேயர் விருப்பப் பாட்டு போட ஆரம்பித்தபோது, போன் செய்கிறவனுக்கெல்லாம் உன் பேர் எப்படித் தெரிகிறது என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தார். டிவியில் பேர் போடுகிறார்கள் என்று சொன்னால், ஏன் போடுகிறார்கள் என்று கேட்டார். கடைசியில் செம்மேட்டு டீக்கடையில் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டு அவரே போன் போட்டாரே, நினைவிருக்கிறதா? "சார், உங்க டிவி சவுண்டைக் கொஞ்சம் கம்மி பண்ணிட்டுப் பேசுங்க சார்" என்று நீ சொன்னாய். அப்பா டிவி சத்தத்தைக் குறைப்பதற்குப் பதிலாக, "சாப்புட்டியா கண்ணு?" என்று கேட்டார். கடை முழுக்கச் சிரித்தது. நீ உடனே, லைன் கட்டாகிவிட்டது, அடுத்த நேயர் என்று போய்விட்டாய். பெற்ற அப்பனை சார் என்றாள் என்று ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் நீ சென்னைக்குப் போய்ப் பெரிய சேனலில் வந்த அன்றைக்கு அதே கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், இதை நீ யாரிடமும் கேட்டிருக்க மாட்டாய் என்பதால் எழுதுகிறேன். இந்த வரியை அவருக்குப் படித்துக் காட்ட மாட்டேன்.

போன வாரம் உன் ரேடியோ ஆபீஸுக்கே போன் போட்டோம். அப்பா பேசினார். எடுத்த பெண், அனு மேடம் நன்றாக இருக்கிறார்கள் சார், இன்றைக்குக் காலையில்கூட ஷோ செய்தார்களே, நீங்கள் கேட்கவில்லையா என்றாள். அப்பா, "கேட்டதாலதான் கூப்புடறனுங்க" என்றார். அவளுக்கு விளங்கவில்லை. உன்னைக் கூப்பிடச் சொன்னதற்கு, மேடம் இப்போது ஸ்டூடியோவில் இல்லை என்றாள், எப்போது வருவாள் என்றதற்கு எனக்குத் தெரியாது என்றாள். அப்பா போனை வைத்தார். பிறகு, "காலைல பேசுனாளாம், ஆனா அங்க இல்லியாம். எப்ப வருவான்னும் தெரியாதாம். எங்கியோ என்னமோ ஆயிருக்குது பாப்பாயி" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மூன்று பேரும் செம்மேட்டுக்குப் போய் மொபைல் கடை தேவராஜிடம் கேட்டோம். நான் வழக்கம்போல அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். தேவராஜ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இப்போதெல்லாம் மெஷினே குரலைக் கற்றுக்கொண்டு பேசும், ஆள் வேண்டியதில்லை என்றான். அப்பா நம்பவில்லை. "ஒருத்தர் கொரலு அவுங்க தொண்டைல இருந்துதான வரும்? மெசினுக்கு ஏதுடா தொண்டை?" என்றார். அவன் சிரித்துக்கொண்டே, சிம் கார்டு தகராறில் அப்பா அவனுக்குப் பேசி அனுப்பியிருந்த திட்டு மெசேஜ்களை எடுத்து எதிலோ போட்டான். டீ குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. போனிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: "பாப்பாயி, நாஞ் சொன்னதுதான் தப்பு. நீ சொன்னதே சரி." அப்பாவின் இருமல்கூட அப்படியே இருந்தது. அப்பா எழுந்து நின்று, "யார்ரா அந்த ஆளு?" என்று கத்தினார். அம்மா அதுவரை அழுதுகொண்டிருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா போடு சாமி" என்றாள். தேவராஜ் மறுபடியும் போட்டான். "இருவத்தெட்டு வருசத்துல மெசினு ஒண்ணுதான் ஒத்துக்கிட்டுது" என்றாள் அம்மா. அப்பா, "நிறுத்துடா, நிறுத்துடா" என்று போனைப் பிடுங்கப் போனார். முகத்தையும் அதே மாதிரி செய்யலாம் என்று தேவராஜ் சொன்னதும் நீட்டின கையை இழுத்துக்கொண்டார். வீடியோவில் நீ வந்து சிரித்தாலும் இனி அவர் நம்ப மாட்டார் அக்கா. "அப்ப எதைத்தான் நம்பறது? கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி" என்றார். கையெழுத்தைக்கூட, என்று தேவராஜ் ஆரம்பித்தான். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு எந்தச் சத்தம் கேட்டாலும் சந்தேகம்தான். நேற்று விடியலில் ராசப்பன் சித்தப்பா கூவியதற்கு, பதில் கூவாமல், "நீதானாடா அது?" என்று கத்திக் கேட்டார். "நானில்லீங்கண்ணா, நரி" என்று எதிர்ச் சரிவிலிருந்து பதில் வந்தது. ஆனாலும் அப்பா பத்து மணிக்கு ஓடை இறங்கிப் போய் அவரை நேரில் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

அதனால்தான் போனில் இல்லாமல் இந்தக் கடிதம். அப்பா எழுதச் சொல்வது: கண்ணு, மார்ச் பத்தாம் தேதிக்குள் உன் கையால் எழுதிய கடிதம் ஒன்று இங்கே வர வேண்டும். அச்சடித்தது வேண்டாம், போனில் வருகிற எழுத்து வேண்டாம். சின்ன வயதில் 'ழ'வுக்கு வால் நீளமாக இழுப்பாயே, அது எனக்குத் தெரியும். அது வராவிட்டால் பதினோராம் தேதி நானும் ராசப்பனும் பஸ் ஏறி மெட்ராசுக்கு வருவோம். வந்தால் உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் திரும்புவோம். இருக்கிற இடத்தைக்கூட அப்பனுக்குச் சொல்லவிடாத வேலை நமக்கு வேண்டாம்.

அப்பா இப்போது மிளகு காயப்போட்ட பாயைப் பார்க்கப் போயிருக்கிறார். அம்மாவும் கூடப் போயிருக்கிறாள். முடிவில் எழுத வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனார், அதைக் கடைசியில் எழுதுகிறேன். இனி வருகிற பக்கங்கள் என்னுடையவை.

அக்கா, அப்பா சந்தேகப்படுகிற மாதிரி நீ தரணிதரனோடு எங்கும் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். பொங்கலுக்கு நீ வராமல் துணிமணி மட்டும் பார்சலில் அனுப்பினாயே, அம்மாவின் சேலை கசங்காமல் இருக்க உள்ளே காகிதம் திணித்திருந்தாய். அதில் ஒன்று டாக்டர் சீட்டு. நீ பார்க்காமல் திணித்துவிட்டாய் போலிருக்கிறது. உன் பேரும் வயதும் இருந்தது. மற்றதை எழுத்துக் கூட்டிப் படித்தேன், வாய்ஸ் ரெஸ்ட் என்று இருந்தது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்த அளவு இங்கிலீஷ் போதும். காய்ச்சலுக்கு எழுதியிருப்பார்கள், தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்து அதை என் பெட்டியில் வைத்துவிட்டேன். மூச்சு நின்ற பிறகுதான் திரும்ப எடுத்துப் பார்த்தேன். போன வியாழக்கிழமை அப்பா சோளக்காட்டுக்குப் போயிருந்தபோது நான் மட்டும் தனியாக டவர் வளைவுக்குப் போய் உனக்கு எழுதினேன், அக்கா, தொண்டையா என்று. நீ உடனே பதில் போட்டாய்: அப்பாவிடம் சொல்லாதே. அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக எழுதினாய், தொண்டைக்குள் சின்னதாக ஒரு கட்டி, பேசிப் பேசி வந்தது, பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை, ஆபரேஷன் முடிந்துவிட்டது, ஆறு வாரம் வாய் திறக்கக் கூடாது, அதுவரைக்கும் ரேடியோவில் உன் குரலை மெஷினில் ஓட்டிக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாய் என்று. நான் அங்கேயே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பஸ் போனது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. நடந்து வீட்டுக்கு வருவதற்குள் வேறு சந்தேகம் வந்துவிட்டது.

அந்தக் காகிதத்தில் முடிகிற தேதி இருக்கிறதா அக்கா? ஆறு வாரத்துக்கு என்று வாயால் சொன்னார்களா, எழுத்திலேயே போட்டிருக்கிறார்களா? இதைக் கேட்டு மறுநாளும் மெசேஜ் போட்டேன். படித்ததற்கு நீலக்கோடு வந்தது, பதில் வரவில்லை. அதனால் தேதி இல்லை என்றே நினைக்கிறேன். மெஷினுக்குத் தொண்டை கட்டாது, லீவு கேட்காது, பொங்கலுக்கு ஊருக்குப் போகணும் என்று சொல்லாது. இந்தப் பதினாறு நாளில் மூச்சு இல்லாததைக் கண்டுபிடித்தது எங்கள் வீடு மட்டும்தான் போலிருக்கிறது. மற்ற நேயர் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்றால் ஏழாவது வாரம் அவர்கள் உன்னை எதற்குக் கூப்பிட வேண்டும்? நீ பத்து வருடம் பேசிச் சேர்த்ததை வைத்துக்கொண்டு நீ இல்லாமலே நடத்திக்கொள்ளலாமே. டிவியில் உன் நாற்காலியில் ஆள் உட்கார்ந்தாகிவிட்டது. உன்னைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. நீ இதையெல்லாம் ஏற்கனவே நினைத்துப் பார்த்திருப்பாய், சொல்வதற்கு ஆள் இல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருப்பாய் என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

இதைப் பற்றி யாரிடம் கேட்பது என்று நான்கு நாள் யோசித்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அப்பாதான். நீ ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தபோது நம் மேல் காட்டு மிளகைக் கீழ்நாட்டு வியாபாரி ஒருவர் குத்தகைக்கு எடுத்தாரே, அந்தக் கதை உனக்கும் தெரியும். ஒரு பறிப்புக்குத்தான் என்று வாயால் பேசி, காகிதத்தில் மூன்று பறிப்பு என்று எழுதியிருந்தார்கள். அப்பா படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். கொடி நம்முடையது, தண்ணீர் விட்டது நாம், மூன்று வருடம் வேறு ஆட்கள் ஏணி போட்டுப் பறித்துக்கொண்டு போனார்கள், அப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் எந்தக் காகிதம் வந்தாலும் மூன்று பேரிடம் கொடுத்துத் தனித்தனியாகப் படிக்கச் சொல்லிக் கேட்பார். "முடியற தேதி எங்கிருக்குது, அதை மொதல்ல காட்டு" என்பார். ஆட்டுக்கு இன்சூரன்ஸ் போட வந்தவரை முக்கால் மணி நேரம் உட்கார வைத்தது இதற்குத்தான். கல்யாணப் பத்திரிகையைக்கூட முழுசாகப் படித்துக் காட்டாமல் வாங்க மாட்டார். நாம் எல்லோரும் சிரித்திருக்கிறோம். இப்போது உன் குரலும் அந்தக் கொடி மாதிரிதான் ஆகியிருக்கிறது, உன்னுடையது, ஆனால் பறிக்கிறது வேறு ஆள். இதைப் பார்த்த உடனே புரிந்துகொள்ள அப்பாவை விட்டால் ஆள் இல்லை. எதையும் நம்பாத மனிதர் ஒருவர் உன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்.

ஆனால் நீ சொல்லாதே என்று சொல்லியிருக்கிறாய். ஏன் என்றும் தெரியும். தொண்டையில் கத்தி வைத்தார்கள் என்று கேட்டால் அம்மா படுத்துவிடுவாள். அப்பா பத்தாம் தேதி வரைக்கும் காத்திருக்க மாட்டார், நாளைக்கே கிளம்பி வந்து, வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். அந்த வேலைக்காக நீ என்னென்ன பட்டிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். அதனால் அப்பா திரும்பி வந்து எழுதியதைப் படிக்கச் சொல்லும்போது இந்தப் பக்கங்களை விட்டுவிட்டுப் படிக்கலாம் என்றுதான் இருக்கிறேன். அவருக்குப் பஸ் போர்டு படிக்கிற அளவுதான் எழுத்து தெரியும், தனியாக எடுத்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. இப்படி எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நீ செய்ய வேண்டியது: அந்தக் காகிதத்துக்கு ஒரு நகல் கேட்டு வாங்கு, எழுத்தில் கேள். கொடுக்கவில்லை என்றால் சந்தேகப்படு. ரகசியக் குரலில்கூடப் பேசாதே, அதுவும் தொண்டைக்குக் கெடுதலாம், டவர் கிடைத்த அன்று போனில் பார்த்தேன். மலைத்தேன் ஒரு பாட்டில் அனுப்பலாம் என்று நினைத்தேன், டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது என்பதால் அனுப்பவில்லை. அறையில் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று எழுது. கஞ்சி யார் வைத்துக் கொடுக்கிறார்கள்? தரணிதரன்தான் என்றால் அதையும் எனக்கு மட்டும் எழுது. அவர் நல்லவரா கெட்டவரா என்பதில் எனக்கும் கொஞ்சம் சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது, அப்பாவுக்குப் பிறந்த பெண்தானே நானும்.

இனி அப்பா முடிவில் எழுதச் சொன்னவை. கண்ணு, நேரத்துக்குச் சாப்பிடு, பட்டினியாக மைக் முன்னால் உட்காராதே. பழக்கமில்லாத ஆட்களிடம் கதவைத் திறக்காதே, பழகின ஆட்களிடமும் யோசித்துத் திற. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. அம்மா உனக்குச் சாமை வறுத்து வைத்திருக்கிறாள், மாசி கழிவதற்குள் யாராவது வந்தால் கொடுத்து அனுப்புகிறோம். மாசிப் பெரியசாமியும் எட்டுக்கை அம்மனும் நீ இருக்கிற ஊர் வரைக்கும் வந்து உன்னைக் காக்க வேண்டும். நீ தீர்க்காயுசாக, பேரும் புகழுமாக இரு. பத்தாம் தேதியை மறக்காதே. உன் கையெழுத்து வர வேண்டும்.

இப்படிக்கு
உன் வரவுக்கு முன் உன் எழுத்தை எதிர்பார்க்கும் அப்பா,
மா. கருப்பண்ணன்
(எழுதியது க. கௌசிகா)

அக்கா, கையெழுத்துக்குக் கீழே எழுதக் கூடாது என்பார்கள், ஆனாலும் எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் திரும்பி வந்தார்கள். நான் உள்ளே இருப்பது தெரியாமல் தண்ணீர்த் தொட்டியடியில் கால் கழுவிக்கொண்டே பேசினார்கள். "ஏம் பாப்பாயி, அவ அந்தப் பையனோட போயித்தான் இருக்கட்டுமே. நல்லாருக்கறேன்னு ஒரு வார்த்தை போதாதா? நானென்ன அருவா தூக்கிக்கிட்டா போப்போறேன்? எங்கிட்டச் சொல்லாம மறைக்கற அளவுக்கு அப்புடி என்ன பண்ணிப்புட்டேன் அந்தப் புள்ளைக்கு?" என்று அப்பா கேட்டார். "சந்தேகப்பட்டதத் தவிர ஒண்ணும் பண்ணலீங்க" என்றாள் அம்மா. அப்பா கழுவின காலையே மறுபடியும் கழுவினார்.

பிறகு உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்து, "எழுதிட்டியா சாமி? எங்க, படி, கேப்போம்" என்றார். அம்மாவும் வந்து கதவோரம் உட்கார்ந்தாள். நான் பக்கங்களை வரிசையாக அடுக்கி, முதல் வரியிலிருந்து எதையும் விடாமல் அவர்களுக்குப் படித்தேன்.